எந்தக் கணினிக்கு எந்த வட்டார அமைப்பு?

ஒரே சி.எஸ்.வி. கோப்பு, இரண்டு கணினிகள். தேதி நிரலில் 03/04/2024 என்று இருக்கிறது. ‘ஆங்கிலம் (இந்தியா)’ என்று அமைத்த கணினியில் எக்செல் அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த மேசைக் கணினியில் விண்டோஸ் நிறுவியவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’ அழுத்திவிட்டுப் போயிருப்பார். அது ‘ஆங்கிலம் (அமெரிக்கா)’ என்றே கிடப்பதால் மார்ச் 4 என்கிறது. 13/04/2024 வரும்போதுதான் குட்டு உடைகிறது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அமெரிக்க அமைப்பு அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிவைக்கும். அதுவாவது கண்ணில் படும். ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாள் பதிவுகளும் நாளும் மாதமும் இடம் மாறி, ஒழுங்கான தேதி போலவே உட்கார்ந்திருக்கும்.

தேதி ஒரு பகுதிதான். எண்ணில் கமா எங்கே விழவேண்டும், பணக்குறி எது, தாள் ஏ4-ஆ லெட்டரா, வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது, பெயர்ப் பட்டியலை எப்படி அடுக்குவது, எல்லாமே ‘லொகேல்’ என்ற ஒரே மூட்டையில் வருகின்றன. இந்த விவரங்களை யூனிகோட் கூட்டமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற களஞ்சியத்தில் தொகுத்து ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கிறது. ஆண்ட்ராய்டும் ஆப்பிளும் அங்கிருந்து எடுக்கின்றன. லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி தனக்கென வேறொரு தொகுப்பு வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு கணினிகளில் ஒரே பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் விளைவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க ஆங்கிலத்துக்கு உள்ள ஒரே பலம், பெரும்பாலான மென்பொருள்கள் அதில்தான் அதிகம் சோதிக்கப்பட்டிருக்கின்றன என்பது. மெனுக்கள் அந்த மொழியிலேயே இருக்கட்டும், கெடுதல் இல்லை. விண்டோஸில் திரையின் மொழி வேறு, ‘ரீஜன்’ பகுதியில் உள்ள வடிவம் வேறு. இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். இது தெரியாமல் எத்தனையோ அலுவலகங்கள் லெட்டர் அளவுப் பக்கத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, ஓரங்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று தேடுகின்றன.

இந்தியாவில் ஓர் அலுவலகத்தின் மேசைக் கணினிகளுக்கு ‘ஆங்கிலம் (இந்தியா)’தான் சரி. லட்சமும் கோடியும் 12,34,567 என்று பழகிய கண்ணுக்கு ஏற்றபடி பிரியும்; தேதியில் நாள் முன்னே வரும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அந்தக் கமாவோடு எண்ணை சி.எஸ்.வி. கோப்பில் மேற்கோள்குறி இல்லாமல் போட்டால் 12, 34, 567 என்று மூன்று கட்டங்களாகச் சிதறும். கமா பார்ப்பவருக்கு, கோப்புக்குள் 1234567 என்றே இருக்கட்டும். தேதியும் அப்படியே, 2024-04-03 என்ற ஐ.எஸ்.ஓ. 8601 வடிவில்.

பொதுமக்கள் தொடும் திரைக்கும் தமிழ் இணையதளத்துக்கும் தமிழ் அமைப்பு வேண்டும். எந்தத் தமிழ்? வெறும் ‘தமிழ்’ என்று விட்டால் சி.எல்.டி.ஆர். அதை இந்தியத் தமிழாகவே கொள்ளும். சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு 1,234,567 என்று மூன்று மூன்றாகப் பிரியும். இலங்கைத் தமிழுக்கு 24 மணிக் கடிகாரம். கோலாலம்பூர் வாசகருக்கு லட்சக் கமா காட்டுவது பிழையென்று யாரும் வழக்குப் போடமாட்டார்கள்தான், ஆனால் விலைப்பட்டியலில் அவர் ஒரு நொடி தயங்குவார்.

தமிழ் அமைப்பின் உண்மையான பயன் அகரவரிசையில் தெரியும். அனிதா, அமுதா, அழகன், அவ்வை என்று நான்கு பெயர்கள். யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கினால் இதே வரிசைதான் வரும், ஏனென்றால் அந்த அட்டவணையில் ‘ன’ நகரத்தை ஒட்டியே இருக்கிறது. ‘ழ’ வகரத்துக்கு முன் நிற்கிறது. பள்ளியில் படித்த வரிசையோ அமுதா, அவ்வை, அழகன், அனிதா. புள்ளியும் அப்படித்தான். அகராதியில் ‘ள்’ முதலில், ‘ள’ பிறகு. எனவே வள்ளி வளவனுக்கு முன்னால் வரவேண்டும். எண் வரிசையில் புள்ளிக்குறி மற்ற எழுத்துகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் வளவன் முந்திவிடுகிறார். சி.எல்.டி.ஆரின் தமிழ் வரிசை இவற்றைத் திருத்துகிறது. நூலக அட்டவணையோ வாக்காளர் பட்டியலோ தயாரிப்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது.

அப்படியானால் சர்வரிலும் தமிழையே வைத்துவிடலாமா? கூடாது. சர்வருக்கு ஊர், மொழி எதுவும் ஒட்டாத ‘சி.யுடிஎஃப்-8’ போதும். காரணம் 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28. அதில் அடுக்கும் விதிகள் மொத்தமாகப் புதுப்பிக்கப்பட்டன. அமெரிக்க ஆங்கில அமைப்பில் அதுவரை ‘11’ முன்னாலும் ‘1-1’ பின்னாலும் வந்தன. பிறகு வரிசை புரண்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸை இயங்குதளம் புதிய விதிப்படி தேடத் தொடங்கியது. விளைவு, உள்ளே இருக்கும் பதிவே ‘இல்லை’ என்று வரலாம். ஒருமுறைதான் வரவேண்டிய எண் இருமுறை நுழையலாம். இந்த ஜிலிப்சியோடு வந்த டெபியன் 10-க்கு மாறியவர்கள் இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டவேண்டியிருந்தது. ‘சி’ அமைப்பு எண் வரிசைப்படியே அடுக்குவதால் இந்தத் தொல்லை இல்லை. அனிதாவை எங்கே வைப்பது என்பதைப் பட்டியலைக் காட்டும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்: போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐ.சி.யு. என்ற நிரலகம் வழியாகத் தமிழ் வரிசையை அந்தக் கேள்விக்கு மட்டும் கேட்க முடியும்.

துருக்கி மொழி இன்னொரு காரணம். அதில் சிறிய ‘ஐ’ எழுத்தைப் பெரிதாக்கினால் மேலே புள்ளியோடு வேறொரு எழுத்து வரும். கோப்புப் பெயரையும் கட்டளையையும் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடும் நிரல் ஆங்கிலக் கணினியில் ஓடும், துருக்கி அமைப்பில் தடுக்கி விழும். ஜாவாவில் ‘ரூட்’ என்ற நடுநிலை லொகேல் இருப்பதே இத்தகைய ஒப்பீட்டுக்காகத்தான்.

லினக்ஸில் கலந்து வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. செய்திக்கு ஒரு மொழி, பணத்துக்கு இந்தியா, தாளுக்கு ஏ4 என்று பிரிக்கலாம். தேதிக்கு மட்டும் ‘ஆங்கிலம் (டென்மார்க்)’ வைத்து ஐ.எஸ்.ஓ. வடிவம் வாங்குவது பழைய கைக்காரர்களின் வித்தை. ஆனால் ‘எல்சி_ஆல்’ என்ற ஒன்றை எழுதிவிட்டால் மற்ற எல்லாமே செல்லாது, அதைச் சோதனை நேரம் தவிர வேறெப்போதும் தொடாமல் இருப்பது நல்லது. இன்னொரு பொறியும் உண்டு: டெபியன், உபுண்டுவில் எஸ்.எஸ்.எச். தன் பக்கத்து லொகேலையும் சர்வருக்கு அனுப்பிவைக்கும். ஒரே ஸ்கிரிப்ட் ஒருவர் கையால் ஓட்டும்போது ஒரு விதமாகவும், இரவில் க்ரான் ஓட்டும்போது வேறு விதமாகவும் அடுக்குவது இதனால்தான். ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே லொகேலை எழுதிவிட்டால் தீர்ந்தது.

நேர மண்டலத்தையும் இதோடு முடிவுசெய்ய வேண்டும். சர்வருக்கு யு.டி.சி., திரைக்கு ஊர்ப்பெயர். சென்னைக்கும் கொழும்புக்கும் இன்று ஒரே +5:30 என்பதற்காக யாழ்ப்பாணக் கிளைக்கு ‘ஏஷியா/கொல்கத்தா’ போடக்கூடாது. இலங்கை 1996 மே மாதம் +6:30-க்கும் அதே ஆண்டு அக்டோபரில் +6-க்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் +5:30-க்குத் திரும்பியது. ‘ஏஷியா/கொழும்பு’ என்று போட்டால் அந்தப் பத்தாண்டுப் பதிவுகளின் மணியும் சரியாக வரும்.