தோலைப் பார்ப்பதுபோல் கல்லைப் பாருங்கள்

கேள்வி: ஆம்பூரில் ஒரு டேனரியில் செலக்‌ஷன் பிரிவில் வேலை செய்கிறேன். போன மாதம் மகளோடு வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவளுடைய பள்ளி ஆல்பத்துக்காகச் செல்போனில் அறுபது படம் எடுத்தேன். நடுகற்கள் எல்லாம் அம்மிக்கல் மாதிரி வந்திருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை எடுத்தால் என் வெள்ளைச் சட்டைதான் தெரிகிறது. நல்ல கேமரா வாங்க வேண்டுமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: காசைப் பத்திரமாக வையுங்கள். செலக்‌ஷனில் இருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான்.

தோலில் உண்ணி கடித்த தழும்பையும் முள் கீறலையும் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் தோலின்மேல் சாய்வாக வழுக்கி ஓடும்படி பிடித்துப் பார்ப்பீர்கள். நேராக விளக்கடித்தால் பழுதுள்ள தோலும் முதல் தரமாகத் தெரியும். நடுகல்லும் அப்படித்தான். வீரனின் வில்லும் அம்பும் கல்லில் சில மில்லிமீட்டர்தான் புடைத்திருக்கும். ஃபிளாஷ் நேர் எதிரே நின்று நிழலையெல்லாம் துடைத்துவிடுகிறது, மிஞ்சுவது அம்மிக்கல். பழைய துணி, ஓவியம், காகிதம் ஆகியவற்றுக்குப் பலமான வெளிச்சம் ஆகாது என்பதால் பல இடங்களில் ஃபிளாஷுக்குத் தடை உண்டு. கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கெடுவது உங்கள் படம்.

செங்கம் பக்கம் ஒரு கிராமத்து நடுகல்லை உச்சிவெயிலில் எடுத்துவிட்டு, எழுத்தே இல்லை என்று நான் திரும்பியதுண்டு. மறுநாள் காலை ஏழு மணி வெயிலில் அதே கல்லில் வட்டெழுத்து வரிவரியாக எழுந்து நின்றது. அருங்காட்சியகத்துக்குள் சூரியனை நகர்த்த முடியாது, நீங்கள்தான் நகர வேண்டும். ஜன்னல் அல்லது விளக்கு கல்லுக்குப் பக்கவாட்டில் வரும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஊழியர் அனுமதித்தால், மகளின் கையில் இன்னொரு போனின் டார்ச்சைக் கொடுத்து, கல்லின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய அதன் பரப்போடு ஒட்டினாற்போல் அடிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதோ தண்ணீர் தெளிப்பதோ கூடவே கூடாது. ஊர்ப்புறக் கற்களில் இந்த அட்டூழியத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அகலக் கோணம் வேண்டாம். சிலையின் மூக்கு பெருத்துக் காது ஓடிவிடும். இரண்டடி பின்னால் போய் 2 எக்ஸில் எடுங்கள். வெண்கலம் வெளுத்துப்போனால், திரையில் சிலையின்மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள்.

இனி உங்கள் வெள்ளைச் சட்டை. கண்ணாடி தன்முன் இருக்கும் வெளுப்பான எதையும் திருப்பிக் காட்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் நல்ல வழி உங்கள் டேனரியிலேயே கிடக்கும்: உள்ளங்கை அளவு கறுப்பு ஸ்வேட் தோல் கழிவு. பளபளப்பில்லாததால் வெளிச்சத்தைக் குடித்துவிடும். நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் போனைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோங்கள். கண்ணாடிமேல் சாயாதீர்கள், காவலர் சத்தம் போடுவார்.

அறுபது படம் அதிகம். ஒரு கதையைப் பிடியுங்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1815-இல் பிடிபட்டு, வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் காலமானார். அவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் தந்தச் சதுரங்கப் பலகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை எடுங்கள், பக்கத்துப் பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுங்கள், கோட்டைச் சுவரையும் அகழியையும் எடுங்கள். பிறகு பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் அவர் சமாதியை எடுங்கள். நாலு படம், ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

அடுத்த பக்கத்துக்கு உங்கள் தொழிலே வழி சொல்லும். 1806 ஜூலை 10-இல் இதே கோட்டையில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சிக்குக் காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் வைக்கச் சொன்ன தோல் குஞ்சம்.

டிக்கெட் வாங்கும்போதே படமெடுக்க என்ன விதி, என்ன கட்டணம் என்று கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், அன்று விடுமுறை.