அறுபதிற் பயின்ற கைத்தொழில்

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்துப் பணி நிறைவுற்ற யான், அதன்பின் ஒரு தொழிலுக்கு மாணவன் ஆனேன். அது தோலிற் சித்திரம் செதுக்கும் தொழில். ‘தமிழாசிரியருக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு?’ என்று நண்பர் பலர் நகைத்தனர். தொடர்பு ஒரு நூலால் வந்தது.

என் ஆசிரியர் எனக்கு அளித்த புறநானூற்றுப் படி ஒன்று என்னிடம் உண்டு. 1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் முதன்முதல் பதிப்பித்த அந்நூலின் பிற்காலப் பதிப்பு அது. மேலட்டை கிழிந்து, முதுகு பிரிந்து, தாள்கள் தனித்தனியே உதிரும் நிலையில் இருந்தது. அதற்கு நல்ல தோலட்டை இடுதல் வேண்டும் என்று விரும்பினேன். திண்டுக்கல்லில் யான் குடியிருக்கும் தெருவின் முனையில் தோற்பொருள் செய்யும் சிறிய கடை ஒன்று உண்டு. நூலை எடுத்துக்கொண்டு அங்கே சென்றேன்.

கடைக்காரர் என்னினும் இரண்டொரு வயதே இளையவர். யான் அவரைப் பார்த்து, “ஏனப்பா, இதற்கு ஒரு தோலட்டை போட்டுத் தருவாயா?” என்றேன். அவர் எழுந்து நின்று, “போட்டுத் தருகிறேன், ஐயா, உட்காருங்கள்” என்றார். யான் கூறிய ஒருமையும் அவர் கூறிய பன்மையும் அப்போது என் செவியில் உறைக்கவில்லை. மாணவர் கட்டுரைகளில் ஒருமை பன்மைப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியே என் வாழ்நாள் கழிந்தது என்பதையும் இங்கே கூறிவிடுதல் முறை.

அவர் நூலை மெல்லப் புரட்டிப் பார்த்தார். “இவ்வளவு அருமையாக வைத்திருக்கிறீர்கள். அட்டையை நீங்களே செய்யலாமே, ஐயா! நான் காட்டித் தருகிறேன்” என்றார். மறுநாளே தொடங்கினேன்.

சித்திரம் செதுக்குவதற்கு எல்லாத் தோலும் ஆகா. உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகும். உலர்த்தினால் பலகைபோல் விறைக்கும். ஆதலின் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கியபின் அதனைப் பதப்படுத்துவர். குரோமிய உப்பினாற் பதப்படுத்துவது ஒரு முறை. அது விரைவில் முடியும். இன்று உலகில் ஆகும் தோலிற் பெரும்பகுதி அவ்வாறு ஆவதே. மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ச்சாற்றில் ஊறவைப்பது மற்றொரு முறை. இதற்குப் பொறுமை மிக வேண்டும். நம் நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டன. இவ்வாறு தமிழ்நாட்டிற் பதமுற்ற தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரோடு கடல் கடந்து சென்றது. அப்பெயர் இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. குரோமியத் தோலில் அச்சினை அழுத்தினால், அழுத்திய இடம் சிறிது நேரத்தில் மீண்டும் எழும்பிவிடும். துவர்த்தோலோ, நீர் பட்டால் இளகி, அழுத்திய உருவை ஏற்று, உலர்ந்தபின்னும் அதனை விடாது வைத்துக்கொள்ளும். வங்கத்தில் 1922ஆம் ஆண்டில் தாகூர் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் அவர் மகனார் ரதீந்திரநாதரும் மருமகளார் பிரதிமா தேவியும் ஊக்கி வளர்த்த தோல்வேலை இத்தகைய தோலில் ஆவதே.

இளகும் பதம் அறிவதே முதற்பாடம். நீரில் தோய்த்த பஞ்சினால் தோலைத் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கறுத்த நிறம் மாறிப் பழைய நிறம் மெல்லத் திரும்பும். ஆயினும் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தோன்றும். அதுவே பதம். ஈரம் மிகுந்தால் கோடுகள் சேற்றிற் கீறியவைபோல் மங்கிவிடும். குறைந்தால் அச்சுப் பதியாது. முதல் மூன்று துண்டுகளையும் யான் சேறாக்கினேன். “காத்திருங்கள், ஐயா” என்பதே அவர் எனக்கு அன்று கூறிய முழு விரிவுரை.

பின்னர்க் கத்தி. இதன் தலையில் சுட்டுவிரலை வைத்து அழுத்தி, மற்ற விரல்களாற் காம்பினைச் சுழற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். தோலின் கனத்திற் பாதிக்கு மேல் இறங்கலாகாது. கரும்பலகையில் எழுதியதை அழிக்கலாம். தாளில் எழுதியதை அடிக்கலாம். தோலில் வெட்டியது வெட்டியதே. அட்டையில் ‘புறநானூறு’ என்று பொறிக்க விரும்பிய எனக்கு, நம் எழுத்துகளின் வளைவுகள் எத்துணை அரியன என்பது அப்போதுதான் விளங்கியது. ஆறு வயதிற் கற்ற எழுத்தை அறுபது வயதில், நடுங்கும் விரலோடு, மீண்டும் சுழிக்கக் கற்றேன்.

வெட்டிய கோட்டின் ஒரு புறத்தைச் சரிவான அச்சினால் தட்டித் தாழ்த்தினால் மறுபுறம் தானே உயர்ந்து தோன்றும். எழுத்தை உயர்த்துவதற்கு எழுத்தைத் தொடுவதே இல்லை. அதன் சுற்றுப்புறத்தையே தாழ்த்துகிறோம். அடியில் கருங்கற் பலகை இருத்தல் வேண்டும். தட்டுவதற்கு மரச்சுத்தியே ஏற்றது.

ஒருநாள் ஈரத்தோலின்மேல் இரும்பு அளவுகோலை மறந்து வைத்துவிட்டு உணவுக்குச் சென்றேன். மீண்டு வந்து பார்க்கையில், கோல் கிடந்த இடமெல்லாம் கரிய கறை. துவரும் இரும்பும் நீரிற் கூடினால் கருமை பிறக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் மை செய்தது இம்முறையாலேதான். மை செய்யும் அம்முறையை எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். என் கண்ணெதிரே மை பிறந்தபோது அறியாது நின்றேன்! அவர் நகைக்கவில்லை. வேறொரு துண்டை எடுத்து வைத்தார்.

வீட்டில் வேறொரு தடை எழுந்தது. என் தமக்கையார் எண்பதை நெருங்கியவர். “தோலைத் தொட்ட கையால் விளக்கேற்றாதே” என்றார். அவர் இசையில் தோய்ந்தவர். மார்கழிக் கச்சேரி ஒன்றையும் வானொலியில் விடாதவர். “அக்கா, மிருதங்கத்தில் ஆடு, பசு, எருமை என்னும் மூன்றன் தோலும் இருக்கின்றனவே, அதனை வாசிப்பவர் தொட்டு வணங்குகிறாரே” என்றேன். “அது வேறு” என்றார். எவ்வாறு வேறு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. யானும் பல்லாண்டு அவ்வாறே எண்ணியிருந்தவன் ஆதலின், மேலும் வினவவில்லை. புகார் நகரில் வாழ்ந்த தொழிலாளரைக் கூறுங்கால் சிலப்பதிகாரம் தோல் தைப்போரையும் மற்றையோரோடு ஒப்ப வைத்து, ‘தோலின் துன்னர்’ என்கிறது. துன்னுதல் என்பது தைத்தல். அப்பெயரை மனப்பாடமாக அறிந்த யான், என் தெருவில் இருந்த துன்னரின் பெயரைப் பதினைந்து ஆண்டுகளாக அறிந்திலேன்.

எப்போது அவரை ‘நீங்கள்’ என்று அழைக்கத் தொடங்கினேன் என்பது எனக்கு நினைவில்லை. இரண்டு ஊசி கொண்டு ஒரே நூலால் இருபுறமும் தைக்கும் தையலை அவர் கற்பித்த நாளாக இருக்கலாம். அவ்வாறு தைத்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றைத் தையல் பிரியாது. அன்று அவர் என் கையைப் பிடித்து ஊசியைச் செலுத்தினார்.

ஐந்து திங்களில் அட்டை முடிந்தது. ‘று’ என்னும் எழுத்துச் சிறிது சாய்ந்தது, மற்றவை குற்றமில்லை. நூலைக் கையில் ஏந்திய அவர், “இதில் எங்கள் தொழிலைப் பற்றி ஏதேனும் உண்டா, ஐயா?” என்று கேட்டார்.

உண்டு. எண்பத்திரண்டாம் பாட்டு. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவைச் சாத்தந்தையார் பாடியது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, கதிரவன் மறைகின்றான். அந்நிலையில் தோல்வாரினாற் கட்டில் பின்னும் ஒருவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரையுமோ, அதனினும் விரைந்ததாம் அப்போர். அத்தொழிலாளனைக் குறிக்கும் சொல் ‘இழிசினன்’. முப்பத்திரண்டு ஆண்டுகள் அச்சொல்லுக்குப் பொருள் கூறியிருக்கிறேன். ஒருநாளும் என் நாத் தயங்கியதில்லை. அன்று படித்துக்கொண்டே வந்தவன் அவ்விடத்தில் நின்றுவிட்டேன்.

“ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” என்றார். சொல்லையும் பொருளையும் மறைக்காது கூறினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “மழை என்றா சொன்னீர்கள்?” என்று கேட்டார்.

“ஆம்.”

“அப்படியானால் விழாவும் பிள்ளைப்பேறும் மட்டும் இல்லை, ஐயா. பதப்படாத வார் நனைந்தால் நெகிழும். காய்ந்தால் சுருங்கி இறுகும். பாதிக் கட்டில் பின்னியபோது மழை வந்தால், பின்னியது ஒரு பதம், பின்ன வேண்டியது ஒரு பதம். கட்டில் கோணிப்போகும். வார் முழுதும் நனைவதற்கு முன்னே முடித்துவிட வேண்டும் என்றுதான் அவர் அப்படி விரைந்திருப்பார்.”

எந்த உரையிலும் யான் இவ்விளக்கத்தைக் கண்டதில்லை. அவரிடமே ஒரு பென்சில் வாங்கி, பாட்டின் ஓரத்தில் அதனை எழுதினேன். உரைகாரர் பெயரைக் குறிக்கும் முறைப்படி, அடியில் அவர் பெயரையும் எழுதினேன்.