குற்றாலத்தைக் கண்டுபிடித்தது யார்?

எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி-பதில்

என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் பாத் நகரம், ஏரி மாவட்டம் என்று சுற்றிவிட்டுப் படம் அனுப்புவான். “நம்ம குற்றாலத்தையும் ஊர் உலகத்துக்குக் காட்டினது வெள்ளைக்காரன்தாம்மா” என்கிறான். அப்படியா?
(பாளையங்கோட்டை வாசகி)

உலகத்துக்குக் காட்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் வரும்போது குற்றாலம் ஏற்கெனவே பேர்போன ஊர்.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த ஊரைப் பாடிவிட்டார். குற்றாலத்துக்கு ஒரு பதிகம், அங்கே தலமரமாக நிற்கும் குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகம். பதினெட்டாம் நூற்றாண்டில், பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை எழுதினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலமே எழுதிக் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பேர். அருவியையும் குரங்கையும் பலாப்பழத்தையும் பாடி ஒருவர் நிலம் சம்பாதித்திருக்கிறார் என்றால், ஊரின் பெருமை அப்போதே எவ்வளவு தூரம் பரவியிருக்க வேண்டும்!

வெள்ளைக்காரர் கொண்டுவந்தது வேறொன்று. வேண்டுதல் இல்லாமல், தீர்த்தமாட வேண்டும் என்ற நினைப்பு இல்லாமல், வெறும் காட்சிக்காகவே ஓர் இடத்துக்குப் போவது. அவர்கள் ஊரிலேயே அது அப்போதுதான் மோஸ்தராகிக் கொண்டிருந்தது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் வை ஆற்றங்கரையை எங்கே நின்று, எப்படிப் பார்த்தால் அழகு என்று 1782-இல் ஒரு புத்தகமே போட்டார். படித்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றில் படகில் போனார்கள். இடிந்த மடாலயம், மலை, அருவி என்றால் உயிரை விட்டார்கள்.

அந்த ரசனையோடு நம் பக்கம் வந்தவர்கள்தான் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள். 1792-இல் மதுரை, திருநெல்வேலி வழியாகக் குமரிமுனை வரை போனார்கள். பாபநாசம் அருவியையும் குற்றாலத்தையும் வரைந்தார்கள். ஊர் திரும்பியபின் 144 படங்களாக வெளியிட்ட பெருந்தொகுப்பில் இந்தத் திருநெல்வேலிச் சீமை அருவிகளும் இடம்பெற்றன. லண்டனில் கணப்படுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் நம் அருவியைப் பார்த்தது அப்படித்தான். உங்கள் மகனுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள்: இதே வில்லியம் டேனியல் பிறகு 1814 முதல் 1825 வரை பிரிட்டன் தீவின் கடற்கரையைச் சுற்றிச் சுற்றி வந்து 308 படங்கள் போட்டார். பையன் இனி அந்தப் பக்கம் கடற்கரைக்குப் போனால், அங்கே நமக்கு முன்னால் நின்றவர் குற்றாலத்துச் சாரலில் நனைந்த மனுஷன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாத் நகரத்துக்கும் குற்றாலத்துக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பாத்தில் பூமிக்குள்ளிருந்து வருவது சுமார் 46 டிகிரிச் சுடுநீர். ரோமானியர் காலத்தில் அந்த ஊற்றை ஒட்டி சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. ஊற்றுக்குள் காசு போட்டார்கள், வேண்டுதல் எழுதிப் போட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கனவான்கள் உடம்புக்கு நல்லது என்று அதே தண்ணீருக்கு ‘சீசனுக்கு’ வந்தார்கள். இங்கேயும் அருவியும் குற்றாலநாதர் கோயிலும் அருகருகே. கம்பெனி அதிகாரிகள் நெல்லையிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் சீசனுக்கு வந்து பங்களா கட்டித் தங்கினார்கள். கம்பெனி அதிகாரி ஜான் சல்லிவன் நீலகிரி மலை ஏறியதே 1819-இல்தான். அதற்கு முன்பே தென்கோடியில் வெள்ளைக்காரருக்குக் குளிர்ந்த இடம் குற்றாலம். இத்தனைக்கும் இது மலை உச்சி இல்லை, மலையடிவாரம். குளிர்ச்சி முழுக்கச் சாரலின் தயவு.

ஒரு வித்தியாசமும் உண்டு. ஏரி மாவட்டத்தில் அருவியைப் பார்ப்பார்கள். நாம் அருவிக்குள் போய் நிற்போம். இந்த விஷயத்தில் நான் நம் கட்சி.

அந்தச் சாரல் எங்கிருந்து வருகிறது? கடையநல்லூரில் வெயில் அடிக்கும்போதும் குற்றாலத்தில் தூறுகிறதே!
(கடையநல்லூர் வாசகர்)

எல்லாம் செங்கோட்டைக் கணவாய் செய்கிற வேலை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. பாரத்தை எல்லாம் கேரளத்துப் பக்கமே இறக்கிவிடுவதால் மலைக்கு இந்தப்புறம் மழை மறைவுப் பகுதி. ஆனால் ஆரியங்காவு, செங்கோட்டை அருகே மலை தாழ்ந்து வழி விடுகிறது. மேகம் அந்த வாசல் வழியாக இந்தப் பக்கம் வழிந்து, மழையாகப் பெய்யவும் செய்யாமல் விடவும் செய்யாமல் பொடிப்பொடியாக உதிர்கிறது. கணவாயிலிருந்து நாலு மைல் விலகினால் வெயில்தான். ஆனி, ஆடியில் காற்று பலமாக இருக்கும்போது இது உச்சத்துக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் அருவியில் தண்ணீர் கொட்டும், ஆனால் இந்தச் சாரல் சுகம் இருக்காது. அப்போது வெள்ளமும் சட்டென்று வரும்.

பேரருவியில் அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரின் அடியை நம் தலை எப்படித் தாங்குகிறது என்று பலர் வியப்பதுண்டு. தண்ணீர் நேராக நம் மேல் விழுவதில்லை. சுமார் 60 மீட்டர் உயரத்துப் பாறையின் நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. வேகம் முழுவதும் அதில் அடங்கி, பொங்கி வழிந்த தண்ணீர்தான் நம் முதுகில் அறைகிறது. வழியும் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் ஊதிவிடுவார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் மங்குஸ்தானும் விற்கிறார்களே, இவை நம் மலையில் தானாக விளைந்தவையா?
(ராஜபாளையம் வாசகி)

இல்லை, மூன்றும் கிழக்குத் தீவுகளிலிருந்து வந்தவை. கிராம்பும் ஜாதிக்காயும் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்த காலம் ஒன்று உண்டு. டச்சுக்காரர்கள் அதை இரும்புப் பெட்டியில் பூட்டியதுபோல் காத்தார்கள். 1796-இல் ஆங்கிலேயர்கள் அந்தத் தீவுகளைப் பிடித்ததும் கன்றுகள் அவர்கள் கைக்கு வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. இந்தியாவில் கிராம்பு முதன்முதலில் வேர்பிடித்தது அந்தத் தோட்டத்தில்தான். இங்கே தேறிய பிறகுதான் 1850-க்கு மேல் நீலகிரியின் பர்லியாறு, தென் திருவிதாங்கூர் என்று பரவியது. பிரியாணிக்குக் கிராம்பு தாளிக்கும்போது குற்றாலத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாவரங்கள் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், தென்னிந்தியத் தாவரவியலின் பெரிய பேர்களில் ஒன்று. 1830-களில் இந்த மலையில் ஏறி இறங்கி ஏராளமான செடிகொடிகளைச் சேகரித்தார். குற்றாலத்தின் பேரைத் தாங்கிய தாவரங்கள் அறிவியல் பட்டியலில் இன்றும் உள்ளன.

‘பார்டர் பரோட்டா’வில் உள்ள பார்டர் எது? கேரளா எல்லை புளியரையைத் தாண்டியல்லவா வருகிறது?
(மதுரை வாசகர்)

நல்ல கேள்வி. கடைகள் இருப்பது பிரானூரில். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் வழி. இன்றைக்கு அங்கே எந்த எல்லையும் இல்லை. ஆனால் செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானம். பிரானூரோடு சென்னை மாகாணம் முடிந்து மகாராஜா சீமை தொடங்கியது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மலைக்குப் போய்விட்டது, பேர் மட்டும் பரோட்டாக் கல்லோடு தங்கிவிட்டது. செங்கோட்டை ஊர் நுழைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு பழைய வளைவு நிற்கிறது. பரோட்டா தின்றுவிட்டு அப்படியே போய்ப் பார்த்து வாருங்கள்.

பரோட்டா உள்ளங்கை அகலத்துக்குச் சின்னதாக இருக்கும். வாழையிலையில் பிய்த்துப் போட்டு, ஊறும்படி சால்னாவை ஊற்றுவார்கள். பக்கத்தில் பிச்சுப்போட்ட கோழி. நாலு என்று சொல்லி உட்கார்ந்தால் எட்டில்தான் எழுந்திருப்பீர்கள்.

தென்காசிக் கோபுரம் பழையதா, புதியதா? என் தாத்தா அதை ‘மொட்டைக் கோபுரம்’ என்பார்.
(சுரண்டை வாசகி)

தாத்தா சொன்னது சரி. கோபுரம் பழையதும்தான், புதியதும்தான்.

மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களில் பராக்கிரம பாண்டியன் என்பவர், 1446-இல் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதருக்குக் கோயில் எழுப்பத் தொடங்கினார். காசிக்குப் போக முடியாத தென்னாட்டார் இங்கேயே காசியைக் கும்பிடட்டும் என்பது எண்ணம். ராஜகோபுரம் முடிவதற்குள் அவர் காலம் முடிந்தது. தம்பி குலசேகர பாண்டியன் வேலையைத் தொடர்ந்தார்.

பிற்காலத்தில் அந்தக் கோபுரம் உச்சியிலிருந்து இரண்டாகப் பிளந்தது. மின்னல் விழுந்து தீப்பிடித்தது என்பது ஊரார் சொல்வது. தலைமுறை தலைமுறையாக மொட்டையாகவே நின்றது. அடியில் உள்ள கல் வேலை மட்டும் அசையவில்லை. அதன் மேல் புதிதாக ஒன்பது நிலைகள் எழுப்பி, சுமார் 180 அடி உயரத்தில் 1990-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். ஆக, கீழே ஐந்நூறு வருஷக் கல், மேலே நம் காலத்து வேலை.

பராக்கிரம பாண்டியனுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கும் போல. இந்தக் கோயிலில் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாரானாலும் அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். நன்கொடைப் பலகையில் பெரிய எழுத்தில் தன் பேரைப் போடச் சொல்லும் ஆட்கள் இதைப் படிக்க வேண்டும். கோயிலுக்குள் ஒற்றைக்கல்லில் செதுக்கிய வீரபத்திரரும் மன்மதனும் ரதியும் நிற்கும் தூண்களில் விரலால் சுண்டிச் சோதிக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

சித்திர சபையில் நடராஜர் சிலையே இல்லையாமே?
(திருச்சி வாசகர்)

ஆமாம். ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம். இங்கே நடராஜர் சுவரில் ஓவியமாகத்தான் ஆடுகிறார். சுற்றிலும் நாயக்கர் காலப் பாணி ஓவியங்கள். பெரிய கோயிலுக்குள் இல்லாமல் தெப்பக்குளத்தோடு தனியே இருப்பதால், அருவியில் குளித்துவிட்டு அப்படியே பஸ் ஏறுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

ஒரே நாளில் எதைப் பார்க்கலாம்?
(சென்னை வாசகர்)

விடிவதற்கு முன் ஐந்தருவியில் குளித்துவிடுங்கள். கூட்டம் இருக்காது. சூட்டோடு சூடாகக் குற்றாலநாதர் கோயில், சித்திர சபை. மதியம் கோயில்கள் நடை சாத்திவிடும், அந்த நேரத்தைப் பரோட்டாவுக்கு ஒதுக்குங்கள். சாயங்காலம் தென்காசி கோயில். கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால் ஆடி மாதக் காற்று முகத்தில் வந்து அறையும். இரண்டு நாள் இருந்தால், செங்கோட்டையிலிருந்து புனலூர் ரயில் ஏறிக் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைப் பாருங்கள். 1904-இல் தொடங்கிய பாதை அது. குளிக்கும்போது சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அனுமதி இல்லை. வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வாருங்கள், அதுவே போதும்.