உயிரிழந்த பாட்டரியும் உரிய பாட்டரியும்

மின்சாரம் கோலார்த் தங்கவயலுக்குப் புதுப்பொருள் அன்று. 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே நடந்து வந்து நம் சுரங்கங்களின் எந்திரங்களைச் சுழற்றியது. அந்நாளில் இது உலகமே வியந்த செய்தி. எனினும் அவ்வாறு வந்த மாறுமின்னோட்டத்துக்கு ஒரு குறை உண்டு. அதை அப்படியே பிடித்துப் பானையில் ஊற்றி மூடிவைக்க இயலாது. ஓடும்போது உண்டு, நின்றால் இல்லை. மின்சாரத்தைச் சேமித்து வைக்கவேண்டுமானால், வேதிப்பொருளின் துணையை நாடவேண்டும். அந்தத் துணையின் பெயரே பாட்டரி. மின்கல அடுக்கு என்று பாடநூல் கூறும். பட்டறையிலும் தெருவிலும் பாட்டரி என்றே வழங்குவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

சிறிய பொருள்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் வினவலாம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் ஊரின் சோறு பெங்களூரில் வேகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையம் நிலையமாய் விடியுமுன்னரே கூட்டம் இரயில் ஏறுகிறது. லைன் வீட்டிலிருந்து நிலையம்வரை பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் கால். அந்த இருட்டில் செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது, 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டு எஞ்சின் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? இரயில் போய்விடும், இரயிலோடு அன்றைய கூலியும் போய்விடும். வேதியியல் படிக்கிறேன் என்ற ஒரே காரணத்தால், இந்தத் துன்பம் நேர்ந்த அக்கம்பக்கத்து அண்ணன்மார் என்னைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுத்தில் தருகிறேன்.

பாட்டரிக்குள் நடப்பதை முதலில் காண்போம். 1859ஆம் ஆண்டில் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட முறையே இன்றும் நம் வண்டிகளில் பெரும்பாலும் வழங்குகிறது. ஒரு தகடு காரீயம்; மற்றொன்று காரீய டை ஆக்சைடு; இடையில் நீர்த்த கந்தக அமிலம். இத்தகைய கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு கலங்களை வரிசையாய் இணைத்தால் அதுவே 12 வோல்ட் பாட்டரி. மின்னோட்டம் வெளியே செல்லும்போது இரு தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. ஆகவேதான் நிறைந்த பாட்டரியின் அமிலம் ஒப்படர்த்தி 1.27 அளவிலும், வெறுமையானதன் அமிலம் 1.12 அளவிலும் நிற்கின்றன. மின்னேற்றம் செய்தால் சல்பேட்டு மீண்டும் பழைய பொருள்களாகத் திரும்புகிறது.

திரும்புகிறது என்றேன், ஆனால் உடனுக்குடன் ஏற்றினால்தான் திரும்பும். நொய்ம்மணல் போன்ற சல்பேட்டுப் படிகங்களை நாட்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும். கெட்டிப்பட்டது எளிதில் கரையாது. தகட்டில் அந்த இடம் இறந்த இடமாகிவிடும். பாட்டரி சாவதற்குப் பெருங்காரணம் இதுவே. முதுமை அன்று, பட்டினி என்று சொல்வேன்.

சுரங்கத் தொப்பி விளக்கை அறிந்த பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இடுப்பில் கட்டிய அந்த 4 வோல்ட் பெட்டியும் காரீயப் பாட்டரிதான். ஒரு ஷிப்டு முழுதும் மெல்ல மெல்ல மின்சாரம் தந்து, ஏறக்குறைய வெறுமையாகி, மேலே வந்ததும் விளக்கறையில் மின்னேற்றத் தட்டில் மாட்டப்படும். அதன் தகடுகள் நாள்தோறும் வெறுமையாவதற்கென்றே தடிப்பாகச் செய்யப்பட்டவை. மோட்டார் சைக்கிள் பாட்டரியின் இயல்பு நேர்மாறானது. இரண்டு மூன்று நொடிகளில் ஐம்பது அறுபது ஆம்பியரைக் கொட்டவேண்டும்; அதற்காக மெல்லிய தகடுகள் பலவற்றை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். அதை அடிக்கடி வெறுமையாக்கினால் தாங்காது. போதாக்குறைக்கு, அதற்கு விளக்கறையும் கிடையாது. வண்டி ஓடும் நேரம் மட்டுமே அதற்கு உணவு.

இங்கேதான் நம் ஊரின் கணக்கு இடிக்கிறது. பற்று வரவு எழுதிப் பார்ப்போமே. 4 ஆம்பியர்-மணிப் பாட்டரி. ஒரு முறை ஸ்டார்ட் செய்ய 60 ஆம்பியர் வீதம் 3 நொடி என்று கொள்வோம். அது 180 ஆம்பியர்-நொடி, அதாவது 0.05 ஆம்பியர்-மணி. காலையில் இரண்டு அழுத்து, இரவில் இரண்டு அழுத்து என்றால் 0.2. நிலையத்துக்குப் போக 8 நிமிடம், வர 8 நிமிடம். முகப்பு விளக்கு போக பாட்டரிக்கு 1 ஆம்பியர் கிடைப்பதாகக் கொண்டால் வரவு ஏறத்தாழ 0.27. ஆகத் தட்டுத் தடுமாறிக் கணக்கு நேராகிறது. இப்போது வண்டி திருட்டுப் போகாதிருக்க ஓர் இடங்காட்டிக் கருவி பொருத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரவும் பகலும் 20 மில்லியாம்பியர் குடித்தால், நாளொன்றுக்கு 0.48 ஆம்பியர்-மணி செலவு. வரவை மிஞ்சிய கடன் ஒவ்வொரு நாளும் 0.4க்கு மேல். ஐந்தே நாளில் பாதிப் பாட்டரி காலி! இவ்வெண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் கொண்டவை. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கலாம். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. இதைப் பாராமல் புதுப் பாட்டரி வாங்குபவர், ஓட்டைக் குடத்தை மாற்றாமல் தண்ணீரை மாற்றுபவர். அந்தப் புதுப் பாட்டரியும் சில மாதங்களில் பழையதன் வழியே போகும்.

ஆதலால் முதற்கேள்வி: பாட்டரி இறந்ததா, பசித்துக் கிடக்கிறதா? இராபர்ட்சன் பேட்டைப் பட்டறையில் "தம்பி, பாட்டரி போச்சு, மாத்திடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். விலை சில நூறு ரூபாய். நாலு வீட்டுக்கு ஒன்று போதும். முனைகளில் வெண்பச்சையாய்ப் பூத்திருந்தால், வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, திருகுகளை இறுக்குங்கள். பாதித் தொல்லை இதோடு தீர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன். பிறகு வெளி மின்னேற்றி கொண்டு, ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 4 ஆம்பியர்-மணிக்கு 0.4 ஆம்பியரில், முழுதும் ஏற்றி, ஓர் இரவு சும்மா வையுங்கள். காலையில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டினால் நலம். 12.2 என்றால் பாதிதான் நின்றது. 10.5 அளவில் நின்றுவிட்டால் ஆறு கலங்களில் ஒன்று உள்ளேயே முட்டிப்போயிற்று என்று பொருள். அதற்கு மருந்து இல்லை. 12.6 காட்டுவதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. செல்ஃபை அழுத்தும்போதே மீட்டரைப் பாருங்கள், 9.5க்குக் கீழே சரிந்தால், தோற்றத்தில் நிறைந்தும் ஆற்றலில் இறந்தும் போன பாட்டரி அது.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பல, பாட்டரி முற்றும் செத்தாலும் கிக்கரை உதைத்தால் புறப்பட்டுவிடும். அவற்றின் பொறி நேரே எஞ்சினோடு சுழலும் மின்னாக்கியிலிருந்து பிறந்தது. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் நிலை 6 விதி வந்தபின் விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை எரிபொருளை மின்விசைப் பம்பினால் பீச்சுபவை. பம்பும் அதை ஆளும் மின்னணுப் பெட்டியும் விழிக்கவே பாட்டரி வேண்டும். பலவற்றில் கிக்கரும் இல்லை. சரிவில் தள்ளிவிட்டாலும் அசையா. ஆகையால் இன்றைய வண்டிக்குப் பாட்டரியைப் பேணுவது முன்னைவிட இன்றியமையாததாயிற்று.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றாயிற்று. எதை வாங்குவது? கடையில் மூன்று வகை உண்டு. மூடியைத் திறந்து நீர் ஊற்றும் பழைய வகை ஒன்று. அமிலத்தைக் கண்ணாடியிழைப் பஞ்சில் உறிஞ்ச வைத்து மூடி, மிகுந்த அழுத்தம் வந்தால் மட்டும் திறக்கும் அடைப்பிதழ் வைத்தது இரண்டாவது, வி.ஆர்.எல்.ஏ. என்றும் ஏ.ஜி.எம். என்றும் பெட்டிமேல் எழுதியிருக்கும். மூன்றாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு. எடை மிகக் குறைவு, விலை மிக அதிகம். என் முடிபைச் சொல்லிவிடுகிறேன்: வண்டி எந்த வகையோடு பிறந்ததோ அதையே போடுங்கள். பஞ்சு வகையைப் பழைய வண்டியில் போட்டால், அதன் கரடுமுரடான மின்னேற்றம் அளவுக்கு மீறி, நீரை வெளியேற்றி உலர்த்திவிடும். திறந்து நீர் ஊற்றவும் வழியில்லை. பழைய வகையைப் புதுவண்டியில் போட்டால் ஆவிக்குழாய்க்கு இடமிராது. அமிலம் கசிந்து சட்டத்தையும் கம்பிகளையும் அரிக்கும். லித்தியத்தைப் பந்தய வீரர்களுக்கு விட்டுவிடலாம். நிலையத்துக்குப் போகும் வண்டியில் இரண்டு கிலோ குறைந்து யாருக்கு என்ன பயன்?

வகைக்கு அடுத்தது அளவு. "கொஞ்சம் பெரிசாப் போடுங்க, நிக்கும்" என்பது பலர் தரும் அறிவுரை. மேலே எழுதிய கணக்கைப் பாருங்கள்: வரவு கூடாமல் பானையை மட்டும் பெரிதாக்கினால், காலியாக நாலைந்து நாள் கூடுமே தவிர நிறையாது. நிறையாத பாட்டரிக்குச் சல்பேட்டுத்தான் கதி. சிறியதைப் போட்டாலோ, செல்ஃப் இழுக்கும்போது மூச்சு முட்டும். ஆம்பியர்-மணி, நீள அகல உயரம், எல்லாவற்றையும் விட நேர்முனை எந்தப் பக்கம் என்பது, இம்மூன்றும் பழையதோடு ஒத்திருக்கவேண்டும். ஒரே பருமனில் முனைகள் இடம் மாறிய பாட்டரிகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கம்பியை மாட்டினால் பியூஸ் மட்டுமே போனால் நற்பேறு. மின்னணுப் பெட்டி போனால் மாதச் சம்பளம் போயிற்று.

மைசூரில் 1961 முதல் செய்து வந்த ஜாவா வண்டிகளை இன்றும் கண்ணெனக் காப்பவர் உண்டு. அவற்றுள் பழையவை 6 வோல்ட், மூன்றே கலம். அதில் 12 வோல்ட் பாட்டரியைப் போட்டால் விளக்குகள் ஒரு கணம் சூரியன்போல் எரிந்து அணையும்! கலங்களை மாற்றினால் மட்டும் போதாது; காயில், விளக்கு, ஒழுங்குபடுத்தி அனைத்தையும் மாற்றவேண்டும்.

வாங்கும்போது பெட்டிமேல் பதித்த உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். கடைத்தட்டில் ஓராண்டு தூங்கிய பாட்டரியும் பட்டினி கிடந்ததே. மூடிய வகையாயின் கடையிலேயே மீட்டரை வைக்கச் சொல்லி, 12.4க்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். அமிலம் ஊற்றும் வகையில்தான் ஏமாற்றம் மிகுதி. எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு ஒரு கடையில் அமிலத்தை ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டி அனுப்பிவிட்டார்கள்; நான்கு மாதத்தில் படுத்துவிட்டது. ஊற்றியபின் அரைமணி நேரம் தகடுகள் ஊறவேண்டும். பிறகு பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் சில மணி நேரம் ஏற்றவேண்டும். "இரயிலுக்கு நேரமாச்சு" என்று நாம் அவசரப்பட்டால் கடைக்காரருக்கு அதுவே வசதி. ஞாயிற்றுக்கிழமையில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நன்று.

கழற்றும் முறை எளிது, வரிசைதான் முதன்மை. சாவியை அணைத்து, எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுங்கள். வண்டியின் இரும்புச் சட்டம் முழுதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையை முதலில் திருகும்போது ஸ்பானர் சட்டத்தில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பானர் வழியே பாய்ந்து தீப்பொறி பறக்கும். எதிர்முனை விலகியபின் பட்டாலும் ஒன்றும் நேராது. மாட்டும்போது இதே காரணத்தால் நேர்முனை முதல், எதிர்முனை கடைசி. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் பக்கத்தில் பீடி கூடாது. பழைய வகையில் நீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. அமிலம் ஊற்றாதீர்கள், ஏனெனில் ஆவியாகிக் குறைந்தது நீர், அமிலம் அன்று. கோலார்ப் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. குடத்து நீரைச் சாய்த்தால் தகடு கெடும்.

மாட்டியபின் வேலை முடிந்துவிடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, சற்று விசை கூட்டி, முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை நின்றால் மின்னேற்றம் ஒழுங்கு. 13க்கும் கீழென்றால் மின்னாக்கியோ ஒழுங்குபடுத்தியோ பழுது; பழைய பாட்டரியைக் கொன்றதும் அதுவாகவே இருக்கலாம். 15ஐத் தாண்டினால் புதியது கொதித்துச் சாகும். இடங்காட்டிக் கருவி வைத்திருப்போர் வாரம் இருமுறை இரவில் வெளி மின்னேற்றி மாட்டலாம். அல்லது விடுமுறை நாளில் பங்காருப்பேட்டைவரை ஒரு நீண்ட ஓட்டம் விடலாம். முன்னது மலிவு.

எஞ்சியது பழைய பாட்டரி. உள்ளே காரீயமும் அமிலமும் இருக்கின்றன. எடைக்குப் போட்டால், சுத்தியால் உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் சாய்த்துத் தகட்டை உருக்குவோர் கையில் அது போகக்கூடும். அந்தப் புகை குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு செய்தவர்களைச் சார்ந்தது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் ஒரு தொகை கழித்துக்கொள்வார்கள்; பில்லில் அதைத் தனியே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.