உம்மும்மாவின் சந்தைப் பாடம்

பழந்தமிழர் சந்தையை அங்காடி என்றனர். பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டுகிறது. சிலப்பதிகாரத்திலே புகார் நகரின் நாளங்காடி வருகிறது. வகுப்பறையில் இவற்றைப் படித்தபோது என் நினைவில் எழுந்தது கண்டி மத்திய சந்தைதான். அங்கே எனக்கு ஆசிரியை என் உம்மும்மா.

அது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. உம்மும்மாவின் கண்களில் வெண்புரை படர்ந்திருந்ததால், முதன்முறையாக நான் தனியே சந்தைக்குப் போனேன். பலயா மீன் வாங்கி வந்தேன். உம்மும்மா அதை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மகள், இது பழைய மீன்" என்றார்.

அந்தக் கிழமைக்கு மீனுக்கென வைத்திருந்த காசு அதிலே போயிருந்தது. உம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு பருப்பும் சம்பலும்தான்.

அடுத்த கிழமை உம்மும்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு வந்தார். "முதலில் ஒரு சுற்றுச் சுற்று, விலையைக் கேள், பிறகு வாங்கு" என்பதே முதற்பாடம். மீனின் கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும். போஞ்சியை வளைத்தால் ஒடிய வேண்டும். கத்தரிக்காயின் தோல் பளபளக்க, காம்பு பசுமையாக இருக்க வேண்டும். தேங்காயைக் காதருகே ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். பையின் அடியில் கிழங்கு, மேலே தக்காளி. கண் மங்கிய உம்மும்மா கையாலும் காதாலும் சந்தையைப் பார்த்தார்.

சந்தை மொழிப்பாடமும் நடத்தியது. உம்மும்மா இன்றும் ராத்தல் கணக்கில்தான் கேட்பார். ஒரு ராத்தல் ஏறத்தாழ 454 கிராம்; அச்சொல் அரபு மொழியின் ரத்ல் என்பதிலிருந்து வந்தது. போஞ்சி ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். கோவா போர்த்துக்கீசரின் சொல். ஒரு மரக்கறிப் பைக்குள் எத்தனை கப்பல்கள்!

நிறுக்குமுன் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்கவும் கற்றுத்தந்தார். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை எச்சரிக்கும் அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்தை நான் நினைவுபடுத்தினேன். உம்மும்மா சிரித்தார்.

"அது வியாபாரிக்கு மட்டுமா மகள்? பத்துத் தக்காளியை நசுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போறவளும் அவன்ட காசைத்தானே எடுக்கிறாள்?"

அதுவரை நல்ல பொருளைத் தெரிவதே சாமர்த்தியம் என்றிருந்தேன். பிறர் பொருளைத் தொடும் கைக்கும் ஒழுங்கு உண்டென அன்று அறிந்தேன்.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு ஒருநாள் சந்தைக்குப் போய்வாருங்கள். அவர்களிடமுள்ள பாடம் எந்தப் பாடநூலிலும் அச்சாகவில்லை.

இப்போது உம்மும்மா சந்தைக்கு வருவதில்லை. நான் பையை வைத்ததும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் கத்தியை எடுத்தால், நான் அன்று சித்தியடைந்துவிட்டேன் என்று பொருள்.