இல்லத்து இசைக்கருவியும் அறையும்

பெரும்பொருள் கொடுத்து வாங்கிய ஸ்டீரியோக் கருவி, கடையிற் கேட்டபொழுது இனிமை பயந்து, வீட்டிற் கொணர்ந்து வைத்தபின் கலங்கி ஒலித்தல் பலரும் அறிந்ததே. உடனே அதனைக் குறைகூறி, அதனினும் விலையுயர்ந்த வேறொன்றை நாடுவாருளர். கருவி பழுதற்றதாயின், குற்றம் பெரும்பாலும் அது நிற்கும் இடத்தையும் அறையையுமே சார்ந்தது என்பதை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

ஒலியானது நேரே செவியை அடைவதன்றி, சுவரினும் தரையினும் கூரையினும் மோதித் திரும்பியும் வந்தடைகின்றது. திரும்பும் ஒலி விரைவில் அடங்காதாயின், முன்னைய ஸ்வரத்தின் எச்சம் பின்னைய ஸ்வரத்தோடு கலந்து தெளிவைக் கெடுக்கும். 1895-ஆம் ஆண்டில் ஹார்வர்ட் கல்லூரியின் விரிவுரைக் கூடமொன்று இக்குறையால் பயனற்றுக் கிடந்தது. ஆண்டுப் பேசிய சொல் ஏறக்குறைய 5½ விநாடி வரை கேட்டுக்கொண்டிருந்ததாம். வாலஸ் கிளெமென்ட் ஸேபின் என்னும் ஆசிரியர், அயலிலிருந்த நாடகசாலையின் மெத்தைகளை இரவுதோறும் கொணர்ந்து பரப்பி, அவை மிகுந்தோறும் முழக்கம் குறைதலை அளந்து, அதற்கொரு விதியும் கண்டனர். அறையின் கனவளவை 0.161-ஆற் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், முழக்கம் அடங்கும் காலம் விநாடிக் கணக்கிற் கிடைக்கும் என்பதே அவ்விதி.

இதனை நம் சூலூர் வீடொன்றிற் பொருத்திக் காண்போம். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள கான்கிரீட் அறையின் கனவளவு 60. சுற்றுப்பரப்பு 94 சதுர மீட்டர். காரை பூசிய சுவரும் வழவழப்பான தரையும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கே உட்கொள்வன எனக் கொள்ளின், வெற்றறையில் முழக்கம் 3.4 விநாடி நீடிக்கும். ஒலியிற் பாதியை உறிஞ்சும் பொருள்களால் 15 சதுர மீட்டரை மூடினால், அஃது ஏறக்குறைய 1 விநாடியாகக் குறையும். இதற்கு அயல்நாட்டுப் பொருள் வேண்டுவதின்று. இலவம்பஞ்சு மெத்தையும், மடிப்புற்றுத் தொங்கும் கனத்த திரையும் போதும். தரையில் விரித்த பவானி ஜமக்காளம் நன்றே. ஆயினும் மெல்லிய விரிப்பு உச்ச ஸ்வரங்களையே பெரிதும் அடக்குமாதலின், அதனை மட்டும் நம்பலாகாது.

இனி, வைக்கும் முறை. இரு ஸ்பீக்கர் பெட்டிகளும் கேட்போனும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளில் அமைதல் வேண்டும். உச்ச ஸ்வரம் ஒலிக்கும் சிறிய ஸ்பீக்கர் செவியின் உயரத்தில் இருத்தல் நலம். பெட்டியை அலமாரியின் மேலோ அறை மூலையிலோ வைப்போர் பலர். மூலையிற் கீழ் ஸ்வரம் மிகைப்பட்டுப் பாடுவோர் குரலை மறைத்துவிடும்.

கம்பியிணைப்பையும் நோக்குக. ஒரு பெட்டியில் மட்டும் செம்முனையும் கருமுனையும் மாறியிருப்பின், இரு பெட்டிகளின் கீழ் ஸ்வரங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவே நின்று கேட்கவேண்டிய குரலும் இடமின்றிச் சிதறும்.

இத்துணையும் செய்தபின்னும் மிருதங்கத்தின் தொப்பி ஓரிடத்து மிக்கும் ஓரிடத்து நலிந்தும் கேட்குமாயின், அது சுவர்களிடையே நிற்கும் அலையின் செயலாம். வெப்பமான நாளில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் செல்லும். எனவே 5 மீட்டர் நீள அறையில் விநாடிக்கு 35 அதிர்வுள்ள ஒலியும் அதன் மடங்குகளும் இவ்வாறு நிலைகொள்ளும். மெல்லிய துணி இதனைத் தடுக்கமாட்டாது. நாற்காலியைப் பின்சுவரினின்றும் சிறிது முன்னே நகர்த்திப் பார்த்தலே எளிய வழி.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே செய்து, ஒரே பாட்டை ஒரே அளவொலியிற் கேட்டு ஒப்பிடுக. சற்றே உரத்த ஒலியைச் செவி சிறந்ததென மயங்குமாதலின் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. ஒருநாள் மாலை முயற்சியால் தீரும் குறைக்கு ஓராண்டுச் சேமிப்பைச் செலவிடுதல் அறிவுடைமையன்று. முதலில் அறையைத் திருத்துக. பின்னும் குறையிருப்பின் கருவியை மாற்றுக.