பழைய விமானம் வாங்குமுன் யாரிடம் காட்டுவது?

டெக்சாஸ் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களில், விமானி ஆகவேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு முதல் தடை பறந்த மணிக்கணக்குதான். 2009இல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2013இல் விதி மாறியது. பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். அவ்வளவையும் வாடகை கொடுத்துப் பறந்தால் எந்தக் குடும்பத்துக்கும் கட்டாது. ஆகவே பழைய செஸ்னா ஒன்றை வாங்கி, மணிகளைச் சேர்த்துக்கொண்டு, பிறகு விற்றுவிடலாம் என்று யோசிக்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அவர்கள் வாங்குகிற விதத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஹேங்கரில் வேலை செய்கிற என்னைப் போன்றவர்களிடம், பணம் கைமாறிய பிறகுதான் வருகிறார்கள்.

மகனுக்கு முள் மீட்டர்களுக்குப் பதிலாகக் கார்மின் டிஜிட்டல் திரைகள் வேண்டும்; கூடப் படிக்கிறவன் அப்படித்தான் வாங்கியிருக்கிறான். அப்பாவுக்கு முழு விமானத்தையும் பாராசூட்டில் இறக்கும் சிர்ரஸ் வேண்டும். அந்தப் பாராசூட்டை 10 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக் கட்ட வேண்டும், அதற்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்பதை அவர் கேட்டுவைத்திருக்க மாட்டார். திரை, பாராசூட், புதுப் பெயின்ட் என்று மாதக்கணக்கில் பேசுகிற வீட்டில், “இந்த விமானத்தை நமக்காகப் பார்த்துச் சொல்லப்போவது யார்?” என்ற கேள்வி எழுவதே இல்லை.

கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் 40 ஆண்டைத் தாண்டியவை. செஸ்னா 150 தயாரிப்பு 1977இல் முடிந்தது. 152, 1985இல் முடிந்தது. 172கூட 1986இல் நின்று 1996இல்தான் மறுபடி தொடங்கியது. ஆகவே யாராவது ஒருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும். நீங்களே சுற்றிப் பார்த்து ஒருமுறை பறந்து பார்ப்பதை நான் ஆய்வு என்று கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேல் வழிகள் நான்கு: விற்பவர் புதிதாகச் செய்துவைத்த ஆனுவலை, அதாவது ஆண்டு ஆய்வை, நம்புவது, அதே விமான நிலையத்து மெக்கானிக்கிடம் காட்டுவது, உங்கள் செலவிலேயே ஒரு முழு ஆனுவல் செய்வது, சம்பந்தமே இல்லாத ஒரு மெக்கானிக்கை நீங்கள் அமர்த்துவது.

முதல் வழியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் விழுவது அதில்தான்.

அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏவின் விதிப்படி இத்தகைய சிறு விமானத்துக்குப் பொதுவாக 12 மாதத்துக்கு ஒருமுறை ஆனுவல் ஆய்வு நடக்க வேண்டும். ஏ அண்ட் பி (விமான உடல், இன்ஜின்) உரிமத்தோடு ஐஏ (ஆய்வு) அங்கீகாரமும் உள்ள மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். விளம்பரத்தில் “ஆனுவல் போன வாரம்தான் முடிந்தது” என்று போட்டிருந்தால், அரசாங்கமே சான்று கொடுத்துவிட்டதாக நம் பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு உள்ள பொருள் இவ்வளவுதான்: அன்றைய தேதியில், விதி கேட்கும் குறைந்தபட்ச அளவில், விமானம் பறக்கத் தகுதியோடு இருந்தது. இன்ஜின் இன்னும் எத்தனை மணி உழைக்கும் என்பதோ, கேட்கிற விலைக்குத் தகுமா என்பதோ அதில் இல்லை. அதைச் செய்தவருக்குக் கூலி கொடுத்தவர் விற்பவர். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமே விசாரிப்பது போன்றது இது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. புதிய ஆனுவல் தடயங்களை அழித்துவிடும். ஆயிலை மாற்றியிருப்பார்கள். ஃபில்டரும் புதிது. இன்ஜினையும் வயிற்றுப் பகுதியையும் கழுவித் துடைத்திருப்பார்கள். எங்கிருந்து ஆயில் கசிகிறது என்று காட்டும் கோடுகள் அதோடு போய்விடும். பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்திருந்தால் மடிப்புகளில் இரும்புத் துகள் மின்னியிருக்கும். அது குப்பைக்குப் போய்விட்டது. புது ஃபில்டரில் இரண்டு மணி நேரம் பறந்திருந்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

லைகமிங் இன்ஜினில் இது பெரிய ஆபத்து. அதில் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் மாதக்கணக்கில் சும்மா நின்றால் ஆயில் கீழே வடிந்து, கேம் துருப்பிடிக்கும். பிறகு ஓட்டத் தொடங்கும்போது துருப்பிடித்த இடம் பொரிந்து தேயும். கம்ப்ரஷன் சோதனை சிலிண்டரின் அடைப்பை மட்டுமே காட்டும். நான்கு சிலிண்டரும் 80க்கு 76, 78 என்று அழகாக எண் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே கேம் தேய்ந்துகொண்டிருக்கும். எண்கள் பிரமாதமாக இருந்த ஆனுவலை நம்பி வாங்கிய ஒரு குடும்பத்துக்காக, சில மாதங்களுக்குள்ளேயே அந்த இன்ஜினைப் பிரித்தோம். லைகமிங்கின் ஓ-320 இன்ஜின் ஒன்றை முழுதாகப் பிரித்துச் சீர்செய்ய, அதாவது ஓவர்ஹால் செய்ய, இன்று 30,000 டாலரைத் தாண்டும். அந்தக் குடும்பத்துப் பையன் ஓராண்டு பறக்கவில்லை.

“ஓவர்ஹாலுக்குப் பிறகு 400 மணிதான்” என்ற வரியும் இதே வகைதான். ஓ-320க்குப் பொதுவாக 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முன்னதோ அப்போது ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது லைகமிங். இருபது ஆண்டுக்கு முன் ஓவர்ஹால் ஆகி, ஆண்டுக்கு 20 மணி பறந்த இன்ஜினை இளசு என்று எண்ணக் கூடாது. வாரந்தோறும் பறந்து 1,400 மணி ஆன இன்ஜின் பக்கத்தில் இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுக்கச் சொல்வேன். பெயின்ட் உரிந்திருக்கட்டும், பழைய முள் மீட்டர்களாகவே இருக்கட்டும். பறந்துகொண்டே இருந்த, மேற்கு டெக்சாஸ் அல்லது அரிசோனாவின் காய்ந்த காற்றில் நின்ற செஸ்னாவே மாணவருக்கு ஏற்றது. ஃபுளோரிடாக் கடற்கரையில் திறந்த வெளியில் நின்றது எவ்வளவு பளபளத்தாலும், தரைவிரிப்பைத் தூக்கி அலுமினிய அரிப்பைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

அதே விமான நிலையத்து மெக்கானிக் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விற்பவர் அவருடைய பல நாள் வாடிக்கையாளர். தாமே செய்த வேலையில் தாமே குறை கண்டுபிடிப்பது யாருக்கும் கடினம். முழு ஆனுவலாகவே செய்துவிடலாம் என்ற வழியில் செலவு நியாயம்தான். ஆனால் விமானம் உங்களுடையது ஆவதற்கு முன்னரே அதன் லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) “தகுதியற்றது” என்று எழுத நேர்ந்தால், விற்பவரோடு சண்டைதான் மிஞ்சும். பிரீபை எனப்படும் வாங்குமுன் ஆய்வாகத் தொடங்கி, வாங்குவது உறுதியானபின் அதே வேலையை ஆனுவலாக முடிக்கச் சொல்லுங்கள்.

ஆக, நான் சொல்வது நான்காவது வழி. பிரீபை ஆய்வு என்னவென்று எஃப்ஏஏ விதி எங்கும் வரையறுக்கவில்லை. நீங்கள் எழுதிக் கேட்டதுதான் ஆய்வு. இதுவரை அந்த விமானத்தைத் தொடாதவர், அந்த மாடலை நன்கு அறிந்தவர், வேறு ஊர்க்காரர், உங்களிடம் கூலி வாங்குபவர் என்ற நான்கும் பொருந்தவேண்டும். பெரிய ஷாப்பைவிட, தனியாகத் தொழில் செய்யும் வயதான மெக்கானிக் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். வேலையை லாக்புக்கில் தொடங்கச் சொல்லுங்கள். ஏடி எனப்படும் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகள் எல்லாம் நிறைவேறியிருக்கின்றனவா, புரொப்பெல்லர் தரையில் அடித்ததுண்டா என்பது அங்கேயே தெரியும். ஓக்லஹோமா சிட்டி பதிவகத்திலிருந்து விமானத்தின் கோப்பை வாங்கி, பெரிய பழுதுகளுக்கான 337 படிவங்களை லாக்புக்கோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி உண்டா என்று பார்ப்பதும் அங்கேதான். அடுத்து சிலிண்டருக்குள் நுழைத்துப் பார்க்கும் போரஸ்கோப்பால் எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பார்ப்பது, ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது, பிறகுதான் உடல். பெரிய குறை எந்தக் கட்டத்தில் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிடலாம். மீதிக் கூலி மிச்சம்.

பைப்பர் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. 2018 ஏப்ரலில் டேடோனா பீச்சில், பயிற்சி விமானமான பைப்பர் ஆரோவின் இறக்கை வானிலேயே கழன்று இருவர் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் சட்டமான ஸ்பாரில் உலோகச் சோர்வால் விரிசல். அதன்பின் வந்த 2020-26-16 என்ற ஏடி, ஆரோவும் அடங்கிய பைப்பர் பிஏ-28 வகையில் பல மாடல்களுக்கு, விமானம் கண்ட 100 மணி ஆய்வுகளைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டு, வரம்பைத் தாண்டியவற்றின் ஸ்பார் போல்ட் துளைகளை எடி கரன்ட் முறையில் சோதிக்கச் சொல்கிறது. பயிற்சிப் பள்ளியில் உழைத்த விமானம் மலிவாக வந்தால் இந்தக் கணக்கை முதலில் கேளுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஆய்வு நாளன்று டார்ச்சோடு மெக்கானிக் பக்கத்தில் நில்லுங்கள். வால் பகுதிக்குள் ஊர்ந்து பாருங்கள். பிரைவேட் உரிமம் பெற்ற விமானி தம் விமானத்தில் ஆயில் மாற்றவும் ஸ்பார்க் பிளக் துடைக்கவும் விதி இடம் தருகிறது. அந்த வேலை பிடித்திருந்தால் சொந்த விமானம் உங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுக்கும். கையில் கிரீஸ் படுவதே பிடிக்கவில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை; ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து பறக்கலாம், நல்ல விமானிகள் பலர் அப்படி வந்தவர்கள். ஓட்டும் திறமை சீக்கிரம் வந்துவிடும். நல்ல விமானத்துக்காக ஆறு மாதம் காத்திருக்கும் பொறுமையைத்தான் பழக வேண்டும். வானில் மேகம் விலகக் காத்திருப்பதற்கும் அதே பொறுமைதான் வேண்டும். பெற்றோரும் அவசரப்படுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் மணிக்கணக்கை முடித்துவிட்டான் என்பது உங்கள் பிள்ளை விமானம் வாங்கக் காரணம் ஆகாது. அவனுக்கு எதில் நாட்டம் என்று முதலில் பாருங்கள்.

இந்த மாதம் முன்பணம் கொடுக்க இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: வாங்குபவர் அமர்த்தும் மெக்கானிக்கின் ஆய்வுக்குப் பின், வாங்குபவர் காரணம் கூறாமல் விலகலாம், முன்பணம் முழுவதும் திரும்பவேண்டும். அந்த வரிக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த விமானத்தை வாங்காதீர்கள்.